பழைய ஓவிய அட்டைகள்: தேடி வாங்குவதிலிருந்து சுவரில் மாட்டுவது வரை

ஒரு வாரம் கைமாறிவிட்டு அடுத்த வாரம் பழைய பேப்பர் கட்டில் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு அச்சடித்த பொருள்தான் பத்திரிகை அட்டை. அதை எழுபது, நூறு வருடம் கழித்துத் தேடிப்பிடித்து, சட்டகம் போட்டு, சுவரில் மாட்டி ரசிக்க நினைக்கிறோம். கொஞ்சம் பேராசைதான். ஆனால் நடக்கக்கூடிய பேராசை.

நான் வாங்கிய முதல் நல்ல அட்டையை நானே கெடுத்தேன். சந்தாதாரர் முகவரி அச்சிட்ட சின்ன லேபிள் ஒன்று அதன் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கவும், ஹேர் டிரையரால் சூடு காட்டினால் பசை இளகிவிடும் என்று எங்கோ படித்ததை நம்பி ஒரு நாள் மாலை உட்கார்ந்தேன். பசை இளகியது உண்மைதான். கூடவே தாளின் மேல்தோலும் உரிந்து, ஓவியத்தில் இருந்த பையனின் இடது காது லேபிளோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: அட்டைக்கு எதைச் செய்தாலும், நாளைக்கு மனம் மாறினால் அதை அப்படியே திரும்ப எடுத்துவிட முடியவேண்டும். முடியாது என்றால் செய்வதில்லை. கீழே வரும் பாதி விஷயங்கள் இந்த ஒரு விதியிலிருந்து வந்தவை.

எதைச் சேர்ப்பது: முதலில் ஒரு வேலி

"பழைய அட்டை எதுவானாலும் பிடிக்கும்" என்று இறங்கினால் ஆறு மாதத்தில் வீட்டில் ஒரு கட்டுக் காகிதம்தான் மிஞ்சும், தொகுப்பு இருக்காது. ஒரு பத்திரிகை, ஒரு ஓவியர், ஒரு காலம் அல்லது ஒரு பொருள் என்று வேலி போட்டுக்கொள்ளுங்கள். பொருள் என்றால் குடை, ரயில், பூனை, வாசிக்கும் பெண் என்று எதுவாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் ஓவியரை வைத்துத் தொடங்குவதுதான் நல்லது, ஏனென்றால் ஒருவரின் கை எப்படி மாறிக்கொண்டே வந்தது என்பதை அட்டைகளை வரிசையாக வைத்தாலே பார்க்கலாம். நார்மன் ராக்வெல் 'தி சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்'டுக்கு 1916-இல் வரைய ஆரம்பித்து 1963 வரை முந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகளைத் தந்தார். அதே பத்திரிகையில் அவருக்கு முன்பே நட்சத்திரமாக இருந்த லெயண்டெக்கரின் கணக்கும் முந்நூறைத் தாண்டும். 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பக்கம் போனால் எர்டே 1915-இலிருந்து 1936 வரை அட்டைகள் வரைந்திருக்கிறார். அறிவியல் கதைப் பித்து உள்ளவர்களுக்கு 1926 ஏப்ரலில் பிறந்த 'அமேசிங் ஸ்டோரீஸ்' இருக்கிறது. அதன் முதல் அட்டையை ஃபிராங்க் ஆர். பால் வரைந்தார். மியூனிக்கில் 1896-இல் தொடங்கிய 'யூகெண்ட்' ஒரு கலைப் பாணிக்கே தன் பெயரைக் கொடுத்த இதழ். ஜப்பானில் 1922-இல் தொடங்கிய 'கொடோமோ நோ குனி' சிறுவர் இதழின் படங்களை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் விடாது.

அடுத்த கேள்வி: முழு இதழா, கிழித்தெடுத்த அட்டை மட்டுமா? இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முழு இதழாகக் கிடைத்தால் முழு இதழாகவே வைத்துக்கொள்ளுங்கள், அட்டைக்காக அதை வெட்டாதீர்கள். ஏற்கெனவே யாரோ வெட்டிய அட்டையைத் தாராளமாக வாங்கலாம், அதற்கு விலையும் குறைவு, அந்தப் பாவமும் உங்களுடையதில்லை. உள்ளே பாதிப் பக்கம் போய், கரையான் அரித்து, அட்டை மட்டும் பிழைத்திருக்கிறது என்றால் அது வேறு கதை.

அசலா, மறுஅச்சா

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், பணம் போவது இங்கேதான்.

முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பழைய பத்திரிகை அட்டையின் உள்பக்கத்தை வெற்றாக விடுவது அபூர்வம். சோப்பு, டயர், சிகரெட் என்று ஏதாவது ஒரு விளம்பரம் இருக்கும், இல்லையென்றால் உள்ளடக்கப் பட்டியலாவது இருக்கும். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்தில் அச்சடித்த பிரதி. அதுபோக, முதுகு ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் போன துளையோ மடிப்புத் தடமோ பசைக் கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஓரமும் கத்தி வைத்தாற்போல் புதிதாக இருந்தால் யாரோ வெட்டிச் சரிசெய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அளவையும் எடுத்துப் பாருங்கள். ராக்வெல் காலத்துப் 'போஸ்ட்' சுமார் 11-க்கு 14 அங்குலம். அதைவிட ஒரு அங்குலம் குறைந்தால் மீதி எங்கே போயிற்று என்று கேட்கவேண்டும்.

அடுத்தது பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சின்ன லென்ஸ். இந்தப் பொழுதுபோக்கில் முதலில் வாங்கவேண்டிய கருவி இதுதான். அசல் அட்டையில் ஒரு கன்னத்தின் மேல் லென்ஸை வைத்தால் கன்னம் காணாமல் போய், நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்ற நான்கு வண்ணப் புள்ளிகள் பூப்போல வட்டவட்டமாகக் கூடி நிற்பது தெரியும். அதற்கும் முந்திய கல்லச்சு அட்டைகளில் இந்த ஒழுங்கு இருக்காது, கையால் வைத்த புள்ளிகள் மணல் தூவியதுபோல ஒழுங்கில்லாமல் கிடக்கும். இப்போது லென்ஸைப் பத்திரிகையின் பெயர் எழுத்துக்கு நகர்த்துங்கள். அசலில் எழுத்து ஒரே மையில், விளிம்பு கூர்மையாக, கெட்டியாக நிற்கும். மறுஅச்சில் முழு அட்டையையும் படமெடுத்து அச்சடிப்பதால் எழுத்தும் பலவண்ணப் புள்ளிகளாகச் சிதறி, விளிம்பு மங்கலாகத் தெரியும். இன்க்ஜெட் பிரதியானால் புள்ளிகள் வரிசையே இல்லாமல் தெளித்ததுபோல இருக்கும். ஒரு அசலையும் ஒரு பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிடும், அப்புறம் யாரும் ஏமாற்ற முடியாது.

மூன்றாவது புற ஊதா டார்ச். தாளைப் பளிச்சென்று காட்டுவதற்காகச் சேர்க்கும் ஒளிரும் ரசாயனங்கள் 1950 வாக்கில்தான் காகிதத்தில் புழக்கத்துக்கு வந்தன. 1930 என்று தேதி போட்ட அட்டை இருட்டறையில் நீலவெள்ளையாகப் பளபளத்தால் ஏதோ சரியில்லை. ஆனால் ஒளிராத தாள் எல்லாம் பழையது என்று திருப்பிச் சொல்லிவிடக்கூடாது, அந்த ரசாயனம் இல்லாத தாள் இன்றும் தயாராகிறது.

வரலாறு தெரிந்தாலும் உதவும். 'போஸ்ட்' முழு வண்ண அட்டைக்கு மாறியது 1926 பிப்ரவரியில்தான், அதற்கு முன்பு பெரும்பாலும் கறுப்பும் சிவப்பும்தான். 1919 என்று சொல்லி ஏழு வண்ணத்தில் ஒன்றை நீட்டினால் சிரித்துவிட்டு நகரலாம். 'நியூ யார்க்கர்' விஷயம் இன்னும் வேடிக்கை. 1925 பிப்ரவரி 21 தேதியிட்ட முதல் இதழுக்கு ரியா இர்வின் வரைந்த, ஒற்றைக் கண்ணாடி வழியாக வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கும் கனவானையே அவர்கள் 1994-க்கு முன்பு வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு பிப்ரவரியிலும் திரும்பத் திரும்ப அட்டையில் போட்டார்கள். ஆகவே படத்தைப் பார்த்து மயங்காமல் தேதியையும் விலையையும் படியுங்கள். முதல் இதழின் விலை 15 செண்ட்.

"ஓவியர் கையெழுத்துடன்" என்ற வாக்கியத்தையும் நம்பவேண்டாம். படத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்து படத்தோடு சேர்ந்து அச்சானது, லட்சம் பிரதிகளிலும் அது உண்டு.

விற்பவரிடம் என்ன கேட்பது

இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், முதுகு ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஒன்றும் வேண்டும். நேர் வெளிச்சத்தில் மடிப்பும் நெளிவும் மறைந்துவிடும், பக்க வெளிச்சத்தில் எல்லாம் அம்பலமாகிவிடும். வெட்டியதா, ஒட்டியதா, வண்ணம் தீட்டிச் சரிசெய்ததா, லேமினேட் செய்ததா, நாற்றம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். நாற்றத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படவேண்டாம். பூஞ்சை பிடித்த ஒரே ஒரு அட்டை போதும், மொத்தப் பெட்டியையும் கெடுத்துவிடும்.

தரத்தைச் சொல்லும் சொற்களில் ஒரு பொறி இருக்கிறது. பழைய புத்தக வியாபாரத்தில் 'குட்' என்றால் நல்லது என்று பொருளில்லை, "அடிபட்டது, ஆனால் முழுசாக இருக்கிறது" என்றுதான் பொருள். 'வெரி குட்' என்பதற்குக்கூடக் கொஞ்சம் தேய்மானத்தை எதிர்பார்க்கலாம். ஓரக் கிழிசல், லேபிள், பேனாவில் எழுதிய பெயர் ஆகியவை எனக்குப் பெரிய குறையில்லை, அவையும் அந்தத் தாள் கடந்துவந்த பாதைதான். நிறம் வெளுத்ததை மட்டும் நான் வாங்குவதில்லை, போன நிறம் திரும்பி வராது.

வீட்டுக்கு வந்ததும்

உடனே தொகுப்போடு சேர்க்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனியாக ஒரு பெட்டியில் வைத்து, பூச்சி நடமாட்டம் உண்டா, பூஞ்சை வாடை வருகிறதா என்று பாருங்கள். ராமபாணப் பூச்சி மாவுப் பசைக்கு அலையும், அதன் வேலை தாளின் மேற்பரப்பைச் சுரண்டியதுபோலத் தெரியும்.

தூசியை மிருதுவான அகலத் தூரிகையால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே திசையில் தள்ளுங்கள். இதற்கு மேல் சுத்தம் தேவையில்லை என்பது என் கட்சி. வெற்று ஓரத்தில் உள்ள விரல் அழுக்குக்கு மட்டும் வெள்ளை வினைல் ரப்பரை லேசாக உருட்டலாம், மை இருக்கும் இடத்தில் வேண்டாம். ஈரத் துணி கூடவே கூடாது. வழவழப்பான அட்டைகளில் களிமண் பூச்சு இருக்கும். அது நனைந்து பக்கத்துத் தாளோடு ஒட்டிக் காய்ந்துவிட்டால் ஒரே பலகையாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது.

துருப்பிடித்த பின்னை விட்டுவைத்தால் துரு தாளுக்குள் இறங்கிக்கொண்டே போகும். எடுக்கத்தான் வேண்டும், ஆனால் பின் பிடுங்கும் கருவி வேண்டாம். இதழை நடுப்பக்கத்தில் விரித்து, பின்னின் இரண்டு காலுக்கும் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் துண்டைச் செருகி, தட்டையான மழுங்கிய கத்தி முனையால் ஒவ்வொரு காலாக நெம்பி நிமிர்த்துங்கள். நிமிர்ந்த பிறகு வெளிப்பக்கத்திலிருந்து நேராக இழுத்தால் வந்துவிடும். அவசரப்பட்டால் துளை கிழிசலாகிவிடும். பின் வழியாக வந்த துருக்கறையை அப்படியே விட்டுவிடுங்கள்.

செல்லோடேப் ஒட்டி வந்திருந்தால்? தொடாதீர்கள். மதிப்புள்ள அட்டை என்றால் காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள், இல்லையென்றால் அதோடு வாழப் பழகுங்கள். என் பையனின் காதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உறை, அட்டை, பெட்டி

பழைய தாள் ஏன் மஞ்சளாகி நொறுங்குகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழ்தான் மலிவான காகிதத்தின் மூலப்பொருள். மரத்திலுள்ள லிக்னின் ஒளியிலும் காற்றிலும் நிறம் மாறும். மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரமோ நாளடைவில் அமிலமாகி, தாளின் இழைகளை உள்ளிருந்தே வெட்டும். ஆக, எதிரி தாளுக்குள்ளேயே இருக்கிறான். நாம் செய்யக்கூடியது அவனுக்கு வெளியிலிருந்து உதவி போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

உறைக்குப் பாலியெஸ்டர் முதல் தரம், பாலிப்ரொப்பிலீன் அதற்கடுத்தபடி மலிவாகக் கிடைக்கும். பிவிசி வேண்டாம். திறந்ததும் புது ரெயின்கோட் வாசனை அடித்தால் அது பிவிசி என்று சந்தேகப்படுங்கள். அந்த வாசனையைக் கிளப்பும் பொருள்தான் பிறகு மையோடு ஒட்டிக்கொள்ளும். உறைக்குள் முதுகுக்கு ஆதரவாக அமிலமற்ற, கால்சியம் கார்பனேட் சேர்த்த ஒரு அட்டை (இனி இதைத்தான் பின்னட்டை என்கிறேன்). 'அமிலமற்றது' என்று மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், அமிலம் சோதிக்கும் பேனாவால் அந்த அட்டையில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பொதுவாக ஊதாவானால் சரி, மஞ்சளானால் அமிலம். பேனாக் கறை போகாது, ஆகவே சோதனை பின்னட்டையில் மட்டும், அசலில் வேண்டாம்.

வழவழ அட்டைகளைப் படுக்கையாக அடுக்கலாம், பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். நிமிர்த்தி வைத்தால் வளையாத அளவுக்குப் பெட்டி நிறைந்திருக்கவேண்டும். புதிய மர அலமாரியும் எம்டிஎஃப் (மரத்தூள் இழையைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையும் அமில ஆவியை விடும், வண்ணம் பூசிச் சூட்டில் இறுக்கிய இரும்பு அலமாரி உத்தமம். ஈரப்பதம் 35-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது, 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழிவிட்ட மாதிரி. ஒரு சின்ன ஈரப்பதமானியை அலமாரிக்குள் போட்டுவையுங்கள். பரண், நிலத்தடி அறை, வெளிச்சுவரை ஒட்டிய இடம் மூன்றும் ஆகாது.

ஸ்கேனும் குறிப்பேடும்

சட்டகத்துக்குள் போவதற்கு முன்பு ஒவ்வொன்றையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, சுருக்காத டிஃப் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப் புள்ளிகளை மழுப்பும் வசதியை மூலக் கோப்பில் போடவேண்டாம், தேவையென்றால் நகலில் போட்டுக்கொள்ளலாம். குறிப்பேட்டில் இதழ், தேதி, ஓவியர், அளவு, எங்கே எவ்வளவுக்கு வாங்கியது, குறைகள் என்று ஒரு வரி போதும். அட்டையில் எதுவும் எழுதவேண்டாம், பின்னட்டையில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். முப்பது அட்டை வரை எல்லாம் நினைவிருக்கும் என்று தோன்றும். முப்பத்தொன்றாவதில் ஏற்கெனவே இருந்ததையே மறுபடியும் வாங்கினேன்.

சட்டகம் போடும்போது

கடைக்காரரிடம் கொடுப்பதானால் இதை அப்படியே சொல்லுங்கள்: ஒட்டக்கூடாது, வெட்டக்கூடாது, சூடாக அழுத்தக்கூடாது, கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. "நெளியாமல் இருக்கும் சார்" என்று சொல்லி அட்டையைப் பலகையில் ஒட்டித் தருவது வழக்கமான உபசாரம். நெளியாது, உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அது அட்டைப்படம் இல்லை, பலகை.

மவுண்ட் அட்டை, அதாவது நடுவில் ஜன்னல் வெட்டிப் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை, பஞ்சு நாரில் செய்ததாக, அமிலமற்றதாக இருக்கட்டும். சாதாரண மவுண்ட் சில வருடத்தில் ஜன்னல் வெட்டிய விளிம்பை ஒட்டிப் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டுவிடும். பழைய சட்டகத்தைப் பிரிக்கும்போது இந்தக் கோட்டைப் பார்த்தால் உள்ளே எதைப் பயன்படுத்தினார்கள் என்று புரிந்துவிடும். மவுண்ட் அழகுக்கு மட்டுமில்லை, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்று இருக்க இடைவெளி தருவதும் அதுதான். கண்ணாடியோடு நேரடியாக ஒட்டிக்கிடந்தால் ஈரத்தில் மை கண்ணாடியில் ஏறிவிடும்.

படத்தைப் பிடித்துநிற்க எளிய வழி மூலைப்பைகள். அமிலமற்ற தாளில் முக்கோணமாக மடித்த நான்கு பைகளைப் பின்னட்டையில் ஒட்டி, அட்டையின் மூலைகளை அவற்றில் செருகுங்கள். பசை படத்தைத் தொடவே தொடாது. கனமான அட்டைக்கு ஜப்பானியத் தாள் பட்டைகளைக் கோதுமை மாவுப் பசையால் மேல் ஓரத்தின் பின்பக்கத்தில் மட்டும் ஒட்டித் தொங்கவிடலாம். அந்தப் பசை தண்ணீரில் இளகும் என்பதால் பிறகு கழற்றலாம். மேலே மட்டும் ஒட்டுவதற்குக் காரணம் உண்டு. ஈரப்பதம் ஏறி இறங்கும்போது தாள் விரிந்து சுருங்கும், நாலு பக்கமும் பிடித்துவைத்தால் அலையலையாக நெளியும்.

முழு இதழைச் சட்டகத்தில் வைக்க ஆழமான பெட்டிச் சட்டகம் வேண்டும். இதழின் தடிமனுக்கு உள்ளே மெத்தைபோலக் குழி வெட்டி, பாலியெஸ்டர் பட்டைகளால் தாங்கவையுங்கள். இல்லாவிட்டால் முதுகு தன் எடையில் மெல்லக் கீழே சரியும்.

எந்தச் சுவர், எவ்வளவு வெளிச்சம்

புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் தாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம், ஆனால் அது கவசம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும். அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட தாள்களுக்கு 50 லக்ஸ் அளவில்தான் விளக்கு வைக்கின்றன. மங்கிய மாலை அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேதம் கூட்டல் கணக்கு: ஒரு மாதம் பிரகாசமாக வைத்ததும் பல மாதம் மங்கலாக வைத்ததும் ஒன்றுதான்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், சமையலறை, குளியலறைச் சுவர் எல்லாம் வேண்டாம். உள்சுவராகப் பாருங்கள். சட்டகத்தின் பின்னால் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டகத்துக்கும் நடுவே காற்று ஓடும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நின்று பார்க்க வசதி. பலவற்றை ஒன்றாக மாட்டுவதானால் அதே அளவில் பழைய செய்தித்தாளை வெட்டி, சுவரில் தற்காலிகமாக ஒட்டி, இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள். ஒரே அளவுச் சட்டகங்களாக வாங்கிவிட்டால் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நான் ஆறு சட்டகம் வைத்திருக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், இறக்கியவை இருட்டுக்குப் போய்விடும். வெயில் படும் சுவரில்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், அந்த 600 டிபிஐ ஸ்கேனை அச்சடித்து மாட்டுங்கள். அசல் பெட்டியில் இருக்கட்டும், யாருக்கும் தெரியாது.

வெளிச்சம் உண்மையிலேயே இவ்வளவு செய்யுமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. காது போன பையனை எடுத்து, பாதி முகத்தைக் கறுப்பு அட்டையால் மூடி, வீட்டிலேயே வெயில் அதிகம் வரும் ஜன்னலோரத்தில் ஒரு வருடம் வைத்தேன். பிரித்துப் பார்த்தபோது மூடிய பாதியில் கன்னம் ரோஜா நிறமாகவே இருந்தது. திறந்த பாதியில் சிவப்பும் மஞ்சளும் கழன்றுபோய், பையன் குளிரில் நின்றவன்போல நீலம் பாரித்திருந்தான்.